வித்துச் செல்லின் பூர்வீகம்

சாகிற உடல், சாகாத வித்து. உயிரியலுக்குள் இந்த இருமை எதிர்வை அழுத்தமாகக் கொண்டுவந்தவர் ஜெர்மானியரான ஆகஸ்ட் வைஸ்மன். 1892இல் வெளியான நூலில் அவர் வைத்த வாதம் இது: முட்டையாகவோ விந்தாகவோ ஆகப்போகிற வித்துச் செல்களில் மட்டும் ‘ஜெர்ம்பிளாசம்’ என்ற மரபுப் பொருள் முழுசாகத் தலைமுறை தலைமுறையாகக் கைமாறுகிறது, உடற்செல்கள் அதைச் சுமக்கிற வாகனம், அவ்வளவுதான். உடலுக்கு நேர்வது எதுவும் வித்தைத் தொடாது. பெற்றோர் வாழ்நாளில் ஈட்டிய குணம் பிள்ளைக்கு இறங்காது என்று காட்ட இந்தப் பிரிவினை உதவியது. ஆனால் கோட்பாடு ஆய்வுக்கூடத்தோடு நிற்கவில்லை. நல்ல வித்து, கெட்ட வித்து என்று மனிதர்களைத் தரம்பிரித்த இனமேம்பாட்டுவாதிகள் இந்தச் சொல்லைக் கையிலெடுத்தார்கள். கட்டாயக் கருத்தடை செல்லும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1927இல் தீர்ப்பளித்தது. 1933இல் நாஜி ஜெர்மனி அதற்கென்றே சட்டம் போட்டது. ஆகவே வித்துச் செல் எங்கிருந்து வருகிறது என்பது நமக்குச் சம்பந்தமில்லாத கேள்வி என்று நான் நினைக்கவில்லை.

இதற்குக் கடல் முள்ளெலியிடம் போவோம். உடம்பெல்லாம் முள்ளோடு கடலடியில் கிடக்கும் இந்த ஜீவனின் கரு கண்ணாடி மாதிரி. உள்ளே நடப்பதை நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டே இருக்கலாம். 1891இல் ஹான்ஸ் டிரீஷ் 2 செல் நிலையில் கருவைக் குலுக்கிப் பிரித்தபோது, தனித்த ஒரு செல்லிலிருந்தே முழு லார்வா வளர்ந்தது. பாதியிலிருந்து பாதிதான் வரும் என்ற எதிர்பார்ப்பு அத்தோடு காலி.

நான்காம் பிளவில் கருவில் 16 செல்கள். அடிமுனையில் 4 மட்டும் குட்டியாக இருக்கும். அவை மறுபடி சமமில்லாமல் பிளக்கின்றன. பெரிய பங்காளிகளின் சந்ததி லார்வாவின் எலும்புச் சட்டகத்தைக் கட்டப் போய்விடும். சிறிய 4 செல்கள்தான் நம் கதாபாத்திரங்கள். ஒரே தடவை பிளந்து 8 ஆகி, அப்புறம் கம்மென்று இருந்துவிடுகின்றன. புரத உற்பத்தியைக்கூடத் தணித்துக்கொள்கின்றன. இன்னொன்று கவனிக்க வேண்டும். வித்துச் செல்லின் அடையாளமான வாஸா புரதத்தைச் செய்யும் ஆர்.என்.ஏ. தொடக்கத்தில் கரு முழுக்கப் பரவிக் கிடக்கிறது. மற்ற செல்கள் அந்தப் புரதத்தைச் சிதைத்துவிடுகின்றன, இவை வைத்துக்கொள்கின்றன.

பிறகு பயணம். ஆதிக்குடல் உள்மடிந்து நீளும்போது அதன் நுனியில் இந்த 8 செல்களும் சவாரி செய்கின்றன. சவாரியோடு முடியவில்லை. அவை மெல்லிய இழைகளை நீட்டித் துழாவி, தாமே நகர்ந்து இரு உடற்குழிப் பைகளுக்குள் சேர்வதை 2014இல் வெளியான ஆய்வு காட்டியது. பெரும்பாலும் இடப்பக்கம் 5, வலப்பக்கம் 3. வளர்ந்த முள்ளெலியின் உடல் இடப்பக்கப் பையை ஒட்டித்தான் உருவாகும்.

சரி, இவற்றைப் பிடுங்கிவிட்டால்? 1996இல் கலிஃபோர்னியாவில் ரான்சிக், கேமரன், டேவிட்சன் மூவரும் 16 செல் கருவிலிருந்து அந்தக் குட்டிச் செல்களை நீக்கி வளர்த்துப் பார்த்தார்கள். வளர்ந்தவை மலடாகவில்லை. அப்படி நீக்கும்போது மிச்சச் செல்கள் வாஸாவைக் கூட்டிக்கொள்வது பின்னால் தெரியவந்தது. ஆனால் 2011இல் யஜிமாவும் வெஸெலும் ஒரு பிளவு தள்ளி, சிறிய 4 செல்களை மட்டும் எடுத்தபோது கதை மாறியது: விலங்கு வளர்ந்தது, முட்டையோ விந்தோ இல்லை. தாயை எடுத்தால் ஊர் ஈடுகட்டுகிறது. பிள்ளையை எடுத்தால் கைவிட்டுவிடுகிறது.

இதைப் படித்துவிட்டு ‘பார், இயற்கையே சமத்துவவாதி’ என்று நண்பர்கள் துள்ள வேண்டாம். முதல் சோதனையை மட்டும் எடுத்துக்கொண்டால் விடுதலைக் கதையாடல் கிடைக்கும், இரண்டாவதை மட்டும் எடுத்தால் வைஸ்மன் கிடைப்பார். முள்ளெலியிடமிருந்து அரசியலைக் கடன் வாங்குவது, இனமேம்பாட்டுவாதி செய்த அதே வேலைதான். நமக்கு இதில் கிடைப்பது வேறு. வித்துக்கும் உடலுக்கும் நடுவே சுவர் இருக்கிறது. அது தொடக்கத்திலிருந்தே நின்ற சுவர் அல்ல. குறிப்பிட்ட நேரத்தில், அண்டைச் செல்கள் விட்டுக்கொடுத்ததாலும் இவை பேணிக்கொண்டதாலும் எழுந்தது. எப்போது, எதைக்கொண்டு எழுந்தது என்று கேட்க விடாமல் செய்வதுதான் ‘பிறப்பிலேயே இருக்கு’ என்ற பேச்சின் தந்திரம். அப்படி யாராவது ஆரம்பித்தால், எந்தப் பிளவில் என்று கேளுங்கள்.