ஆற்றடியில் ஒரு சாட்சி

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில், வேன்ஸ்போரோ என்ற ஊர் வழியாக சவுத் ரிவர் என்னும் சிற்றாறு ஓடுகிறது. அங்கிருந்த டுபான்ட் ஆலை 1929 முதல் 1950 வரை செயற்கை இழைத் தயாரிப்பில் பாதரசத்தைப் பயன்படுத்தியது. அதில் ஒரு பங்கு ஆற்றில் கலந்தது. 1970-களில்தான் விஷயம் வெளியே தெரிந்தது. ஆலை பாதரசத்தைக் கைவிட்டு கால் நூற்றாண்டு ஆகிவிட்டதால், ஆறு தன்னைத் தானே கழுவிக்கொள்ளும் என்று எதிர்பார்த்தார்கள். ஆனால் ஆண்டுகள் போகப் போக மீன்களைச் சோதித்துப் பார்த்தால், அவற்றில் பாதரச அளவு இறங்கவில்லை.

காரணம் கரையில் இருந்தது. அந்தக் காலத்து வெள்ளங்கள் வண்டலோடு பாதரசத்தையும் கரையில் படியவைத்திருந்தன. கரை அரித்து விழும்போதெல்லாம் அந்தப் பழைய நஞ்சு மறுபடி நீரில் இறங்குகிறது. ஆக்ஸிஜன் எட்டாத சேற்றில் வாழும் சில பாக்டீரியாக்கள் அதை மீத்தைல் பாதரசமாக மாற்றுகின்றன. இந்த வடிவம்தான் கொடியது. உடலுக்குள் புகுந்தால் லேசில் வெளியேறாது. பூச்சி, சிறுமீன், பெருமீன் என ஏற ஏறச் செறிவு கூடும். ஆற்றோடும் அது நிற்கவில்லை. கரையோரப் பறவைகள் தின்னும் சிலந்திகள் வழியாக அப்பறவைகளின் ரத்தத்திலும் ஏறியிருப்பதை 2008-இல் வெளியான ஆய்வு காட்டியது.

மீன் ஓரிடத்தில் நிற்காது. அதன் உடலில் நஞ்சு எங்கே சேர்ந்தது என்று சொல்வது கடினம். மட்டி அப்படியல்ல. மணலில் பாதி புதைந்து, ஓட்டை ஒரு நெல் கனத்துக்குத் திறந்து வைத்துக்கொண்டு கிடக்கும். செவுள்களின் மேலுள்ள நுண்ணிழைகள் ஓயாமல் அசைந்து நீரை உள்ளே இழுக்க, பாசித் துகள்கள் வழவழப்பில் ஒட்டி வாய்ப்பக்கம் நகரும். நன்கு வளர்ந்த மட்டி ஒன்று நாளுக்குச் சுமார் 40 லிட்டர் நீரைக்கூட வடிகட்டும். நீரில் வந்தது அதன் சதையிலும் தங்கும். அதனால்தான் ஆசிய மட்டிகளை ஆற்றில் ஆங்காங்கே வைத்து, பிறகு சதையைச் சோதித்துப் பார்க்கிறார்கள். எந்த இடத்தில் பாதரசம் இன்னும் சேர்கிறது என்பது தெரிந்துவிடும். எந்தக் கருவியையும்விட இந்தச் சாட்சியை நான் மதிக்கிறேன்.

டுபான்டோடு 2016-இல் எட்டிய, சுமார் 5 கோடி டாலர் மதிப்பிலான இழப்பீட்டு ஒப்பந்தத்தில் நாட்டு மட்டிகளை மீட்டுக் கொண்டுவரும் பணியும் சேர்ந்திருக்கிறது. அது எளிதல்ல. அங்குள்ள நாட்டு மட்டிகளின் இளம்புழுக்கள் பெரும்பாலும் மீனின் செவுளிலோ துடுப்பிலோ சில வாரங்கள் தொற்றிக் கிடந்தால்தான் மட்டியாகும். அதிலும் பல இனங்களுக்கு எல்லா மீனும் ஒத்துவராது. தமக்கேற்ற மீன் அமைய வேண்டும்.