தாம்பரத்துக் குடிசையும் நியூயார்க் மேயரும்

தாம்பரத்தில் எலெக்ட்ரிக் ட்ரெயின் ஏறி குரோம்பேட்டை வர்றதுக்குள்ள எனக்கு ஒரு பட்டம் கிடைச்சது... 'கம்யூனிஸ்ட்'!

பண்ணின குற்றம்? காலேஜ் பஸ் கட்டணத்தைக் குறைக்கச் சொல்லி மனு எழுதி, ட்ரெயின் கோஷ்டிகிட்ட கையெழுத்து கேட்டேன். (கட்டணம் கட்ட முடியாமதானே ட்ரெயின்ல தொங்கறோம்!)

இதே பட்டத்தை அமெரிக்காவில் வாங்கினவர் ஸோரான் மம்தானி. வாடகை ஏறக்கூடாது, பஸ் இலவசமா ஓடணும்னு பேசி, 2025 நவம்பரில் நியூயார்க் மேயர் தேர்தலில் ஜெயிச்சவர். அவரை 'கம்யூனிஸ்ட்' என்றார் டிரம்ப். மம்தானியோ தன்னை 'ஜனநாயக சோஷலிஸ்ட்' என்கிறார். அவர் கட்சியிலேயே பலர் 'முற்போக்காளர்' என்பதோடு நிறுத்திக்கறாங்க. அப்போ மூணும் ஒண்ணுதானா?

இந்த மூணு வீட்டிலும் குடியிருந்த ஒருத்தர் நம்ம தாம்பரத்துக்காரர். ப.ஜீவானந்தம். சுருக்கமா ஜீவா.

1907-ல் பூதப்பாண்டியில் பிறந்தவர். முதலில் காந்தி, கதர். அப்புறம் பெரியாரின் சுயமரியாதை இயக்கம். சாதி ஒழியணும், மூடநம்பிக்கை ஒழியணும், பெண்ணுக்கு உரிமை வேணும். இது முற்போக்கு. மில்லும் நிலமும் யார் கையில் இருக்கணும்ங்கற கேள்வி அங்கே அப்போ முன்வரிசையில் இல்லை.

1932-ல் பெரியார் சோவியத் ரஷ்யாவைப் பார்த்துவிட்டு வந்ததும் அந்தக் கேள்வியும் மேடை ஏறியது. அந்த டிசம்பரில் ஈரோட்டில் சிங்காரவேலரோடு சேர்ந்து சமதர்மத் திட்டம் போட்டார். சிங்காரவேலர் யாருன்னு கேட்கறீங்களா? 1923-ல் இந்தியாவிலேயே முதல்முறையா சென்னையில் மே தினம் கொண்டாடியவர்!

அந்தக் கூட்டணி நிலைக்கலை. 1934-ல் ஆங்கிலேய அரசு கம்யூனிஸ்ட் கட்சியைத் தடை செய்தது. பகத்சிங்கின் நாத்திகக் கட்டுரையை மொழிபெயர்த்த ஜீவா கைதானார். அரசாங்கத்தின் கண்ணுக்கு எல்லாமே ஒரே கலர்... சிவப்பு! இயக்கமே நசுங்கிட்டா சாதி ஒழிப்பு வேலை என்னாகும் என்று யோசித்த பெரியார், சமதர்மப் பிரசாரத்தை ஓரமா வைத்து, ஜஸ்டிஸ் கட்சியை ஆதரித்தார். பொப்பிலி ராஜா தலைமையில் இருந்த கட்சியோடு சேர்ந்து என்ன சமதர்மம் என்று ஜீவா வெளியேறினார். ரெண்டு பேர் பக்கமும் நியாயம் இருக்குன்னுதான் எனக்குப் படுது. எது முதல்ல என்பதில்தான் சண்டை.

அடுத்து காங்கிரஸ் சோஷலிஸ்ட் கட்சி. தடையில் இருந்த கம்யூனிஸ்ட்டுகளும் அங்கேதான் ஒதுங்கினாங்க. ஓட்டு, சட்டம் வழியா தொழில்களைப் பொதுவாக்கலாம்னா அது சோஷலிசம். தொழிலாளி வர்க்கம் புரட்சி செய்து முதலாளித்துவத்தையே தூக்கணும்னா அது கம்யூனிசம். புத்தகம் இப்படிப் பிரிக்குது. நிஜத்திலும் ஒரே பந்தியில் ரொம்ப நாள் உட்கார முடியலை. 1940-ல் கம்யூனிஸ்ட்டுகளை வெளியேற்றிட்டாங்க. ஜீவா கம்யூனிஸ்ட் பக்கம்.

இனிமேதான் காமெடி! 'புரட்சி' ஜீவா 1952-ல் ஓட்டு வாங்கி, வண்ணாரப்பேட்டை எம்.எல்.ஏ. ஆனார். அவர் எதிர்த்த காங்கிரஸோ 1955-ல் ஆவடி மாநாட்டில் 'சோஷலிச பாணி சமுதாயம்' என்று தீர்மானம் போட்டது. டிரம்ப் அளவுகோலை வெச்சா, ஆவடிப் பந்தலில் இருந்த மொத்தப் பேரும் கம்யூனிஸ்ட்!

முதல்வர் காமராஜர் தாம்பரத்தில் ஜீவாவின் குடிசைக்கு வந்த கதையை இன்னிக்கும் சொல்றாங்க. விழாவுக்கு அழைச்சிட்டுப் போக வந்தவரை, துவைத்த வேட்டி காயற வரை ஜீவா காத்திருக்க வைத்தாராம். அரசு வீடு தர்றேன்னதுக்கும், ஊரில் எல்லாருக்கும் கிடைக்கட்டும், அப்புறம் பார்ப்போம்னு மறுத்தாராம். 1963 ஜனவரியில் அவர் இறந்தார். அடுத்த வருஷமே அவர் கட்சியும் ரெண்டா உடைஞ்சது.

என் மனு? எனக்குப் பட்டம் கொடுத்த ஃப்ரெண்டே பல்லாவரத்தில் பேனாவை வாங்கினான்.

''போடறேன் மச்சி. ஆனா நான் கம்யூனிஸ்ட் இல்லைன்னு பக்கத்துல எழுதிக்கோ!''