நுரை அடங்கிட்டா தென்பெண்ணை சுத்தமாகிடுமா? தண்ணீரை ‘படிப்பது’ எப்படி?

மழை வலுத்தால் ஓசூரில் அடுத்த நாள் செய்தி கிட்டத்தட்ட ரெடி: ‘கெலவரப்பள்ளி அணையில் மலைபோல் பொங்கும் நுரை’. வீடியோ வைரலாகும், விவசாயிகள் வேதனை தெரிவிப்பார்கள். நுரை அடங்கியதும் பேச்சும் அடங்கிவிடும். ஆனால், நுரை இல்லாத நாளில் அந்தத் தண்ணி எப்படி இருக்கு?

நுரை எங்கிருந்து வருது?

தென்பெண்ணை பிறப்பது கர்நாடகத்தின் நந்தி மலைப் பகுதியில். பெங்களூருவின் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளைக் கடந்துவரும் நகரக் கழிவுநீரும் இந்த ஆற்றில்தான் சேர்கிறது. ஓசூர் அருகே கொடியாளத்தில் தமிழ்நாட்டுக்குள் நுழையும் ஆறு, 44.28 அடி உயரமுள்ள கெலவரப்பள்ளி அணைக்கு வருகிறது. அடுத்து கிருஷ்ணகிரி அணை, சாத்தனூர் அணை, கடைசியில் கடலூர் அருகே வங்கக்கடல்.

சோப்பு, சலவைத்தூளில் உள்ள ரசாயனங்கள் முழுதாகச் சிதையாமல் தண்ணீரில் தங்கிவிடும். ஷட்டர் திறந்து தண்ணீர் வேகமாக விழும்போது காற்று கலக்கிறது, நுரை பொங்குகிறது. தண்ணீர் அமைதியாக நின்றால் நுரை இருக்காது. ஆனால், ரசாயனம் அப்படியேதான் இருக்கும்.

அப்போ எதை அளக்கணும்?

முதலில், கரைந்துள்ள ஆக்சிஜன். மீன் மூச்சுவிடுவது இதில்தான். மத்திய மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்தின் வகைப்பாட்டில், மீன்வளத்துக்கான ‘டி’ பிரிவுக்கு லிட்டருக்கு குறைந்தது 4 மில்லிகிராம் வேண்டும்.

அடுத்தது பி.ஓ.டி. தண்ணீரில் உள்ள கழிவைச் செரிக்க நுண்ணுயிரிகளுக்கு எவ்வளவு ஆக்சிஜன் தேவை என்ற கணக்கு இது. குளிக்கத் தகுந்த தண்ணீரில் 3 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. 30-ஐத் தாண்டினால், அந்த ஆற்றுப்பகுதி மிக மோசமான ‘முன்னுரிமை 1’ பட்டியலுக்குப் போய்விடும்.

மூன்றாவது, கோலிஃபார்ம் பாக்டீரியா. மனிதக் கழிவு கலந்திருக்கிறதா என்பதற்கான துப்பு இது.

காலை 5 மணியா, மதியம் 1 மணியா?

ஒரே இடத்தில் எடுத்த தண்ணீர்கூட நேரத்தைப் பொறுத்து வேறு கதை சொல்லும். கழிவில் உள்ள நைட்ரஜனும் பாஸ்பரஸும் பாசிக்கு உரம். பகலில் பாசி ஒளிச்சேர்க்கை செய்வதால் ஆக்சிஜன் எகிறும். இரவில் அதே பாசி ஆக்சிஜனை இழுத்துக்கொள்ளும். விடியலுக்கு முன்புதான் அளவு அடிமட்டத்துக்குப் போகும். மீன்கள் செத்து மிதப்பதைப் பெரும்பாலும் காலையில் பார்ப்பது இதனால்தான். மதியம் மட்டும் மாதிரி எடுத்தால் ரிசல்ட் ‘ஓகே’ என்றே வரலாம்.

பூச்சிகளின் சாட்சி

ஆய்வகச் சோதனை அந்த நொடியின் போட்டோ மாதிரி. அங்கே வாழும் உயிர்கள் பல மாதப் பதிவு. கல்லைப் புரட்டினால் ஈசல் போன்ற மேஃபிளை பூச்சியின் இளம் பருவம் கிடைத்தால், தண்ணீர் நலமாக இருக்கிறது எனலாம். வெறும் சிவப்புப் புழுக்களே நெளிந்தால், ஆக்சிஜன் வெகுநாளாகக் குறைவு என்று அர்த்தம். ஆகாயத்தாமரை மூடிக் கிடப்பதும், ஜிலேபி, ஆப்பிரிக்கக் கெளுத்தி போல எதையும் தாங்கும் மீன்களே வலையில் சிக்குவதும் அதே சேதிதான். அடியில் படிந்த சேற்றையும் சோதிக்க வேண்டும். கன உலோகங்கள் தங்குவது பெரும்பாலும் அங்கேதான்.

‘பாசனத்துக்கு ஓகே’ன்னா என்ன அர்த்தம்?

இங்கேதான் நம் தட்டுக்கு வருகிறது விஷயம். ஓசூர், தளி வட்டாரம் ரோஜாவோடு கொத்தமல்லி, புதினா, காய்கறிக்கும் பேர்போனது. பாசனத்துக்கான ‘இ’ பிரிவில் பார்ப்பது பி.எச்., மின்கடத்துத்திறன், சோடியம் விகிதம், போரான் ஆகியவற்றை மட்டுமே. கோலிஃபார்ம் அந்தப் பட்டியலிலேயே இல்லை! ரோஜாவுக்கு அது பெரிய பிரச்சினை இல்லை. பச்சையாகச் சட்னி அரைக்கும் புதினாவுக்கு அப்படியா? பச்சையாக உண்ணும் பயிர்களுக்கான பாசன நீரில், 100 மில்லிலிட்டருக்கு 1,000 மலக் கோலிஃபார்முக்கு மேல் கூடாது என 1989-லேயே உலக சுகாதார நிறுவனம் சொல்லிவிட்டது.

சட்டம் காப்பாற்றுமா?

2017-ம் ஆண்டின் ஈரநில விதிகள், ஆற்றுப் படுகையையும் பாசனத்துக்காகக் கட்டிய நீர்நிலைகளையும் ‘ஈரநிலம்’ என்ற வரையறைக்குள் சேர்க்கவில்லை. ஆக, பறவைகள் வந்தாலும், நாணல் வளர்ந்தாலும், கெலவரப்பள்ளிக்கு அந்தப் பாதுகாப்பு எளிதில் கிடைக்காது. 1974-ம் ஆண்டின் நீர் மாசுத் தடுப்புச் சட்டம்தான் கையில் உள்ள ஆயுதம். பெல்லந்தூர் விவகாரத்தில் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2018 டிசம்பரில் கர்நாடக அரசுக்கு 50 கோடி ரூபாய் விதித்தது. இருந்தும், நுரை நிற்கவில்லை.

பழி முழுவதையும் பெங்களூரு மேல் போடவும் முடியாது. ஓசூரும் தொழில் நகரம்தான். கொடியாளத்தில் ஒரு மாதிரி, அணைக்குச் சற்று மேலே ஒரு மாதிரி, அணைக்குக் கீழே ஒரு மாதிரி என ஒரே நாளில் எடுத்து ஒப்பிட்டால், எல்லைக்கு அப்பால் வந்தது எவ்வளவு, இப்பக்கம் சேர்ந்தது எவ்வளவு என்பது பிடிபடும்.

அடுத்த முறை ‘தண்ணீர் பாதுகாப்பானது’ என்று செய்தி வந்தால் மூணு கேள்வி கேளுங்கள்: எந்த இடத்தில் எடுத்தது? எத்தனை மணிக்கு? எதற்குப் பாதுகாப்பானது: குளிக்கவா, மீனுக்கா, புதினாவுக்கா?