பாட்டு தெரியும்… பாடிய பேண்ட் தெரியுமா?

‘ஐ லவ் ராக் அண்ட் ரோல்’ என்றதும் ஜோன் ஜெட் ஞாபகம்தான் வரும். ஆனா, ஒரிஜினல் அவங்களோடது இல்லை! 1975-ல் லண்டனின் ‘ஆரோஸ்’ கிளாம் பாப் குழு வெளியிட்ட பாட்டு அது. அதுவும் முதலில் ரெக்கார்டின் பின்பக்கத்தில்.

1974-ல் ‘டச் டூ மச்’ பாடல் மூலம் பிரிட்டன் டாப் 10-க்குள் வந்த குழு இது. 1976-ல் சொந்தமாக டிவி ஷோவே கிடைத்தது. ஆனால், மேனேஜருக்கும் ரெக்கார்டு நிறுவனத்துக்கும் தகராறு. டிவியில் வாராவாரம் முகம் தெரிந்தது. கடையில் புது ரெக்கார்டு இல்லை. பேண்ட் கலைந்தது.

அப்போது இங்கிலாந்து வந்திருந்த ஜோன் ஜெட், இவர்களை டிவியில் பார்த்தார். 1982-ல் அவர் குரலில் அதே பாட்டு அமெரிக்காவில் 7 வாரம் நம்பர் 1!

எழுதியவர்கள் ஆரோஸின் ஆலன் மெரில், ஜேக் ஹூக்கர். மெரில் 2020-ல் கொரோனாவுக்குப் பலியானார். அடுத்த முறை அந்தப் பாட்டைக் கேட்டால், கிரெடிட்டையும் பாருங்க.