குட்டி லாரிக்கு முதலில் எதை மாற்றுவது?

வண்டி நிறைய மீன் பெட்டி. எதிரே மேம்பாலம். டிரைவர் மிதிக்கிறார். வண்டி முனகுகிறது, ஏற மறுக்கிறது. பின்னால் நிற்கும் கண்டெய்னர் லாரி விடாமல் ஆரன் அடிக்கிறது.

எர்ணாவூர்ப் பக்கம் தினமும் நடக்கும் காட்சி இது.

காசிமேட்டில் மீன் ஏற்றுகிறவர், மணலியில் இரும்புச் சாமான் ஏற்றுகிறவர், ராயபுரத்தில் மூட்டை ஏற்றுகிறவர் எல்லோருக்கும் சோறு போடுவது இந்தக் குட்டி டீசல் லாரிதான். 'பிக்கப்' என்கிறார்கள். 'குட்டி யானை' என்றும் செல்லமாகச் சொல்கிறார்கள்.

ஒருவர் இப்படி ஒரு வண்டியைத் தவணைக்கு வாங்கியிருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். வண்டி இழுக்கவில்லை. அப்போது தெரிந்தவர் ஒருவர் வந்து காதில் சொல்கிறார்: "அண்ணே! ஒரு சிப் மாட்டிவிடலாம். வண்டி பறக்கும்!"

கையில் காசு இல்லை. வீட்டில் மனைவியின் வளையல் இருக்கிறது. அடகு வைக்கலாமா?

அவசரப்படாதீர்கள். முதலில் ஒரு பழைய கதையைக் கேளுங்கள்.

லாரி பிறந்த ஊர்

எர்ணாவூருக்கு லாரி புதிதல்ல. அசோக் லேலண்ட் தொழிற்சாலை இங்கேதான் இருக்கிறது. 1948-ல் ரகுநந்தன் சரண் என்பவர் கம்பெனியைத் தொடங்கினார். மகன் பெயர் அசோக். அதனால் 'அசோக் மோட்டார்ஸ்' என்று பெயர் வைத்தார். முதலில் எண்ணூரில் பூட்டியது லாரி அல்ல. ஆஸ்டின் என்ற கார்! பிறகு இங்கிலாந்தின் லேலண்ட் கம்பெனி கைகோத்தது. 1955-ல் பெயர் 'அசோக் லேலண்ட்' ஆனது. அதே கம்பெனிதான் 2011-ல் ஓசூரில் 'தோஸ்த்' என்ற குட்டி லாரியை வெளியிட்டது. தோஸ்த் என்றால் நண்பன்.

வடசென்னையில் இன்னொரு கதையும் உண்டு. அந்தக் காலத்தில் பெட்ரோல் லாரிகள் நிறைய ஓடின. பெட்ரோல் செலவு முதலாளியின் லாபத்தைத் தின்றது. இங்கிலாந்தில் பிராங்க் பெர்க்கின்ஸ் என்பவர் 1932-ல் டீசல் என்ஜின் கம்பெனி தொடங்கினார். அவர் செய்த 'பி6' என்ற என்ஜினைப் பெட்ரோல் லாரியில் தூக்கி வைக்கலாம். 1950-களில் சிம்சன் கம்பெனி அந்த என்ஜினைச் சென்னையிலேயே செய்யத் தொடங்கியது. தொழிற்சாலை செம்பியத்தில்!

பெட்ரோல் என்ஜினைக் கழற்றி டீசல் என்ஜினை வைப்பதுதான் அன்றைய லாரிக்காரர் செய்த பெரிய மாற்றம். அவர் பார்த்தது வேகத்தை அல்ல. காலனுக்கு எத்தனை மைல் என்பதை! இன்றைக்கும் அந்தக் கணக்குதான் கணக்கு.

காற்றுதான் உயிர்

டீசல் என்ஜினில் தீப்பொறி போடும் பிளக் கிடையாது. பிறகு எப்படி எரிகிறது?

சைக்கிளுக்குக் காற்று அடித்திருக்கிறீர்களா? பம்பின் அடிப்பகுதி சுடும். காற்றை அழுத்தினால் சூடு வரும். டீசல் என்ஜின் காற்றை ஏறக்குறைய பதினாறில் ஒரு பங்காக நெருக்குகிறது. பழுக்கக் காய்ந்த அந்தக் காற்றில் டீசலைப் பீய்ச்சினால் தானே பற்றிக்கொள்ளும். ருடால்ப் டீசல் என்ற ஜெர்மானிய என்ஜினீயர் இதை 1897-ல் ஓட்டிக் காட்டினார். பாவம், 1913-ல் இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும்போது இரவில் காணாமல் போனார். பிறகு உடல்தான் கிடைத்தது.

ஆகவே டீசல் எரியக் காற்று வேண்டும். காற்றுக்கு மேல் டீசலைக் கொட்டினால் என்ன ஆகும்? கறுப்புப் புகை வரும். புகை என்பது எரியாமல் போன உங்கள் காசு!

காற்றை அதிகமாகத் திணிக்க ஒரு வழி உண்டு. அதுதான் டர்போ. சுவிட்சர்லாந்தின் ஆல்பிரட் பூச்சி 1905-ல் இதற்குக் காப்புரிமை பெற்றார். வெளியே போகும் புகை ஒரு சிறு சக்கரத்தைச் சுற்றும். அது காற்றை உள்ளே தள்ளும். நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல்! இன்றைய பிக்கப் வண்டிகள் பலவற்றில் டர்போ உண்டு. அப்படியானால் புதிதாக எதையாவது மாட்டுவதற்கு முன், இருக்கிற டர்போவுக்குக் காற்று போகிறதா என்று பார்க்க வேண்டாமா?

எண்ணூர் தூசி

எண்ணூர் காற்று சாதாரணக் காற்றல்ல. கடல் உப்பு, நிலக்கரித் தூள், லாரி கிளப்பும் புழுதி எல்லாம் அதில் உண்டு. இத்தனையும் போய் அடைவது ஏர் பில்டரில். ஊரில் ஓடும் வண்டிக்குச் சொன்ன கெடு இங்கே ஓடும் வண்டிக்குப் பொருந்தாது. முன்னதாகவே மாற்ற வேண்டும். சிலர் காற்று அடித்து ஊதியே மாதக் கணக்கில் ஓட்டுகிறார்கள். காகிதம் கிழிந்தால் தூசி நேராக என்ஜினுக்குள் போகும். சிலிண்டர் தேயும். சில நூறு ரூபாயை மிச்சம் பிடிக்கப் போய் பல ஆயிரம் போகும்.

அடுத்தது ரப்பர் குழாய். டர்போவிலிருந்து என்ஜினுக்குப் போகும் குழாயில் வெடிப்பு விழுந்தால் காற்று வெளியே கசியும். இழுவை போய்விடும். 'என்ஜின் போச்சு' என்று பயந்தவர்கள் பலர். குற்றவாளி ஒரு கிளிப்பாகக்கூட இருக்கலாம்!

டீசல் பில்டரில் தேங்கும் தண்ணீரை வடிக்க வேண்டும். டயரில் காற்றைக் காலையில், வண்டி ஓடுவதற்கு முன் பார்க்க வேண்டும். காற்றுக் குறைந்த டயர் மணலில் நடப்பது போல வண்டியை இழுக்கும். சூடேறி வெடிக்கவும் செய்யும்.

பிறகு பிரேக். இதைப் பலர் 'முன்னேற்றம்' என்றே நினைப்பதில்லை. வேகம் இரண்டு மடங்கானால், பிரேக் பிடித்த பிறகு வண்டி ஓடும் தூரம் நாலு மடங்காகும். எதிரே பள்ளிக்கூடப் பிள்ளை குறுக்கே வந்தால் எந்தச் சிப்பும் காப்பாற்றாது.

உள்ளே போகும் காற்றுக்குத் திறந்த பில்டர் மாட்டுகிறவர்களும் உண்டு. சத்தம் கம்பீரமாக இருக்கும். ஆனால் அது என்ஜின் பக்கத்துச் சூட்டுக் காற்றையும் தூசியையும் அல்லவா இழுக்கும்? அதைத் தாழ்வாக வைத்தால் ஆபத்து இன்னும் அதிகம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எண்ணூர் பகுதி எப்படி மூழ்கியது என்பது எல்லோருக்கும் தெரியும். காற்று நெருங்கும், தண்ணீர் நெருங்காது. என்ஜின் ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும்.

சிப் என்பது என்ன?

இப்போதைய வண்டியில் எவ்வளவு டீசல் பீய்ச்சுவது என்பதை ஒரு சின்னக் கம்ப்யூட்டர் முடிவு செய்கிறது. சிப் மாட்டுவது, 'டியூனிங்' செய்வது என்றால் அந்தக் கணக்கை மாற்றுவது. டீசல் கூடும். இழுவையும் கூடும். அது பொய் அல்ல.

ஆனால் சூடும் கூடும். டர்போவும் பிஸ்டனும் கிளட்சும் அந்தக் கூடுதல் பாரத்தைத் தாங்க வேண்டும். 2020 ஏப்ரல் 1 முதல் விற்கும் வண்டிகள் பி.எஸ். 6 என்ற புதிய புகை விதிக்கு உட்பட்டவை. டீசல் வண்டிகளில் கரியைப் பிடிக்கும் வடிகட்டி இருக்கும். டீசலைக் கூட்டினால் அது சீக்கிரம் அடைக்கும். சிலர் 'வடிகட்டியையே கழற்றிவிடலாம்' என்பார்கள். அந்தப் புகையை யார் குடிப்பது? எர்ணாவூர் பிள்ளைகள்தானே!

அமெரிக்காவில் இந்தப் பித்து மிக அதிகம். பத்து ஆண்டுக் காலத்தில் 5 லட்சத்துக்கும் மேற்பட்ட டீசல் பிக்கப் வண்டிகளில் புகைக் கட்டுப்பாட்டுச் சாதனங்களைக் கெடுத்துவிட்டார்கள் என்று அந்நாட்டுச் சுற்றுச்சூழல் துறை 2020-ல் கணக்குச் சொன்னது. வேண்டுமென்றே கரும்புகை விட்டு வேடிக்கை பார்க்கிறவர்களும் அங்கே உண்டு. அவர்களில் பலருக்கு வண்டி விளையாட்டுச் சாமான். இங்கே வண்டிதான் அடுப்பு எரிய வைக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

தயாரித்த கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தீர்ப்புக் கூறியது. அதே ஆண்டில் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, அனுமதி இல்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை ஜெயில், அல்லது இரண்டும். கம்பெனியின் கியாரண்டி போகும். விபத்து நடந்தால் இன்சூரன்சுக்காரர்களும் கேள்வி கேட்பார்கள். தவணை மட்டும் நிற்காது.

பின்பக்கம் ஸ்பிரிங் பட்டை கூட்டினால் கூடுதல் பாரம் ஏற்றலாம் என்பதும் தப்புக்கணக்கு. பட்டை கூடினாலும் பிரேக் கூடவில்லை. அனுமதிச் சீட்டில் எழுதிய எடையும் கூடவில்லை. அதிக பாரத்துக்குச் சட்டப்படி 20,000 ரூபாய் அபராதம். மேலே ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய்.

நோட்டுப் புத்தகம்

முதலில் வாங்க வேண்டியது ஒரு நோட்டுப் புத்தகம்! வீட்டில் எழுதத் தெரிந்தவர் யாராக இருந்தாலும் எழுதலாம். டாங்கை நிரப்பிய அன்று கிலோமீட்டரைக் குறியுங்கள். மறுபடி நிரப்பும்போது எத்தனை லிட்டர் பிடித்தது, எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று எழுதுங்கள். வகுத்தால் விடை.

வண்டி தினம் 70 கிலோமீட்டர் ஓடுகிறது. லிட்டருக்கு 14 கொடுத்தால் 5 லிட்டர் போதும். பன்னிரண்டரைக்கு இறங்கினால் 5.6 லிட்டர் வேண்டும். மாதம் 25 நாள் ஓடினால் 15 லிட்டர் வீண்! பில்டரும் டயர் காற்றும் சரியானால் இது குறையும். குறைந்ததா என்று நோட்டே சொல்லிவிடும்.

இவ்வளவும் செய்த பிறகும் மேடு ஏறவில்லையா? கம்பெனி சர்வீஸ் நிலையத்துக்குப் போய்க் கம்ப்யூட்டரில் கோளாறு பதிவாகியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இன்டர்கூலரில் சேறு அடைத்திருக்கிறதா, கிளட்ச் வழுக்குகிறதா என்றும் கேளுங்கள். எதுவுமே இல்லை என்றால், அந்த பாரத்துக்கு அந்த வண்டி போதாது. இன்னொரு நடை போகலாம். அல்லது தவணை முடிந்ததும் பெரிய வண்டியாக வாங்கலாம்.

டர்போ வண்டிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. பாரத்தோடு வேகமாக ஓடி வந்து நின்றதும் சாவியைத் திருப்பிவிடாதீர்கள். ஒரு நிமிடம் என்ஜினைச் சும்மா ஓட விடுங்கள். ஆயில் ஓடி டர்போ ஆறட்டும். அதற்குள் தார்ப்பாய்க் கயிற்றை அவிழ்த்துவிடலாம்.