பதினாலு வயதின் சிரிப்பு: அன்றும் இன்றும்

புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் காலாப்பட்டு போகும் பேருந்து, கோட்டக்குப்பத்தையும் முதலியார்சாவடிகளையும் தாண்டினால் பொம்மையார்பாளையம். வானூர் வட்டம், விழுப்புரம் மாவட்டம். மயிலம் முருகன் கோயிலை நிர்வகிக்கும் பொம்மபுர ஆதீனத்துக்குப் பெயர் கொடுத்த ஊர் இது. 17ஆம் நூற்றாண்டில் துறைமங்கலம் சிவப்பிரகாசர் இந்த ஆதீனத்துச் சிவஞான பாலைய சுவாமிகளைக் குருவாக ஏற்று, அவர்மீது கலம்பகமும் நெஞ்சுவிடு தூதும் பாடினார். நாற்பது வெண்பாக்களில் நன்னெறி எழுதியவரும் அவரே. கடற்கரை மணலில் விரலால் அவர் எழுத எழுத, கூட இருந்தவர்கள் ஓலையில் படியெடுத்தார்கள் என்று சொல்வார்கள்.

ஆக, இந்த ஊரோடு உறவுள்ள பழைய பள்ளிப் புத்தகம் ஒரு நீதிநூல். ஔவையின் ஆத்திசூடி தொடங்கி, பிள்ளைகளுக்கென்று தமிழில் எழுதியவர்கள் பெரும்பாலும் எப்படி நடக்க வேண்டும் என்றே சொல்லிவந்தார்கள். நன்னெறியின் உவமைகள் இன்று படித்தாலும் இனிக்கின்றன. அதில் எனக்குக் குறையொன்றும் இல்லை. ஆனால் குரல் உடைந்து, மீசை அரும்பி, கண்ணாடி முன்னால் கால்மணி நேரம் நிற்கும் பையனுக்கு இன்னொரு வகைப் புத்தகமும் வேண்டும். தன்னைப் போலவே அசடு வழியும் ஒருவனை அதில் அவன் பார்க்க வேண்டும், பார்த்துச் சிரிக்க வேண்டும், சிரித்த பிறகு கொஞ்சம் நிம்மதியாக மூச்சுவிட வேண்டும்.

அப்படிப்பட்ட எழுத்து தமிழர்களுக்குப் புதிதில்லை. ஆர். கே. நாராயணின் ‘சுவாமியும் நண்பர்களும்’ ஆங்கிலத்தில் 1935இல் வந்தது. பரீட்சை பயமும் கிரிக்கெட் வெறியும் பிடித்த சுவாமிநாதன், நம் பள்ளிக்கூடங்களின் எந்த பெஞ்சிலும் உட்கார்ந்திருக்கக்கூடியவன். தமிழில் தேவன் எழுதிய ‘துப்பறியும் சாம்பு’ பெரியவர்களுக்கான தொடர்தான். ஆனால் வீட்டுக்கு விகடன் வந்தால் அதை முதலில் பிடுங்கிக்கொண்டு ஓடியவர்கள் அரைக்கால்சட்டைப் பையன்கள். கலைமகள் நிறுவனத்திலிருந்து ஆர்வியை ஆசிரியராகக் கொண்டு ‘கண்ணன்’ என்ற சிறுவர் இதழ் வந்தது. பின்னாளில் அம்பை என்று அறியப்பட்டவர் பதின்பருவத்தில் எழுதிய ‘நந்திமலைச் சாரலிலே’ அதன் போட்டியில் பரிசு பெற்றது. சுஜாதாவின் ஸ்ரீரங்கத்துக் கதைகளில் வளரும் பையன் ஒருவன் தெருவை வேடிக்கை பார்த்தபடியே தன்னையும் பார்த்துக்கொள்கிறான். அசோகமித்திரனின் ‘18வது அட்சக்கோடு’ 1977இல் வெளிவந்தது. செகந்தராபாத் சந்திரசேகரன் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருக்கும்போதே ஹைதராபாத் சமஸ்தானத்தின் வரலாறு அவன் தலைக்குமேல் இடிந்து விழுகிறது. அந்த நாவலின் முதல் பாதியில் வாய்விட்டுச் சிரிக்க வைக்கும் பக்கங்கள் பல. வளரும் வயதைப் பற்றித் தமிழில் அதைவிட நேர்மையான நகைச்சுவையை நான் படித்ததில்லை.

இவையெல்லாம் எந்தத் தெருவின் கதைகள் என்பதையும் சொல்லியாக வேண்டும். பெரும்பாலும் அக்ரகாரம், ரயில்வே குடியிருப்பு, டவுன் உயர்நிலைப் பள்ளி. கடற்கரைக் குப்பத்துப் பையனுக்கு இந்த இதழ்கள் சலூன் பெஞ்சிலும் டீக்கடையிலும் பழையதாகிக் கிடைத்தன. கிடைத்தாலும் அவற்றில் அவன் இல்லை. கடலோரத்தை எழுதிய நாவல்கள் உண்டு: வண்ணநிலவனின் ‘கடல்புரத்தில்’, தோப்பில் முஹம்மது மீரானின் ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’, ஜோ டி குரூஸின் ‘ஆழி சூழ் உலகு’. மூன்றும் பெரியவர்களின் துயரத்தைச் சுமந்து நிற்பவை, மூன்றும் தெற்குக் கரையைச் சேர்ந்தவை.

குப்பத்தில் சிரிப்புக்குப் பஞ்சம் இருந்ததில்லை. முதல்முறை கடலுக்குப் போய் வாந்தியெடுத்தவனுக்கு வைத்த பட்டப்பெயர் அவன் பேரன் காலம்வரை ஒட்டிக்கொள்ளும். வலை பின்னிக்கொண்டே கிழவர்கள் சொல்லும் கதைகளில், பையன்கள் கேட்கக் கூடாத இடம் வரும்போதுதான் பையன்கள் நெருங்கி உட்காருவார்கள். பொம்மையார்பாளையத்தைத் தாண்டி அதே சாலையில் காலாப்பட்டில் இருக்கிறது புதுவைப் பல்கலைக்கழகம். எழுத்தாளர் கி. ராஜநாராயணன் தன் சொந்த ஊரான இடைசெவலை விட்டு 1989இல் புதுச்சேரிக்கு வந்து அங்கே பணியாற்றியபோது, இந்தப் பக்கத்து வாய்மொழிக் கதைகளைச் சேகரித்தார். ‘புதுவை வட்டார நாட்டுப்புறக் கதைகள்’ அப்படி வந்த தொகுப்பு. ஏற்கெனவே ‘பிஞ்சுகள்’ நாவலில், கரிசல் காட்டில் பறவைகளின் பின்னால் அலையும் சிறுவனை எழுதிக்காட்டியவர் அவர். பிள்ளைகளிடம் எதையும் பொத்திவைக்காமல் பேச முடியும், அப்போதும் அந்தப் பேச்சு அழகாக இருக்கும் என்பதற்கு கி.ரா.வின் எழுத்தே சாட்சி.

இன்றைக்கு நிலைமை வெகுவாக மாறிவிட்டது. பதின்பருவத்தினருக்கென்றே புத்தகம் எழுதுபவர்கள் தமிழில் வந்துவிட்டார்கள். எஸ். பாலபாரதியின் ‘மரப்பாச்சி சொன்ன ரகசியம்’ 2020இலும், கீழடியைத் தொட்டு எழுதிய உதயசங்கரின் ‘ஆதனின் பொம்மை’ 2023இலும் சாகித்திய அகாதமியின் பால சாகித்திய விருது பெற்றன. இதே கடலோரத்தில் மரக்காணத்தை அடுத்த முதலியார்குப்பத்தில்தான் 2021 அக்டோபர் 27 அன்று அரசின் ‘இல்லம் தேடிக் கல்வி’ என்ற மாலைநேரக் கற்றல் திட்டம் தொடங்கியது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு ‘ஊஞ்சல்’, ‘தேன்சிட்டு’ இதழ்கள் வருகின்றன. பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கச் சிறு நூல்கள் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகளாகப் பிரித்துத் தரப்படுகின்றன. அப்பா வாங்கித் தந்தால்தான் புத்தகம் என்றிருந்த காலம் போய், வகுப்பறைக்கே புத்தகம் வந்துவிட்டது. இதை நான் மனதாரக் கொண்டாடுகிறேன். மறுபக்கம், தலைமுறைகளைச் சிரிக்க வைத்த சிறுவர் இதழ் ‘கோகுலம்’ கொரோனா காலத்தோடு அச்சில் வருவது நின்றதை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

ஆனால் இந்தப் புதிய புத்தகங்களில் சிரிப்பு குறைவு. பாலியல் தொல்லை, சாதி, சுற்றுச்சூழல், வரலாறு என்று அவசியமான பொருள்கள். எழுதும் கைகளும் பொறுப்பானவை. அந்தப் பொறுப்பே கனமாகி, பெரும்பாலான கதைகளில் முடிவில் ஒரு நல்ல அக்காவோ ஆசிரியரோ வந்து எல்லாவற்றையும் விளக்கிவிடுகிறார். நன்னெறியின் பழக்கம் உரைநடையிலும் விடவில்லை. இங்கிலாந்தில் சூ டவுன்செண்ட் 1982இல் ஏட்ரியன் மோல் என்ற 13¾ வயதுப் பையனின் நாட்குறிப்பை எழுதினார். பெற்றோர் பிரிகிறார்கள், வீட்டில் காசில்லை, அவனுக்கோ தாடையில் வந்த பருதான் பெரிய கவலை. வேலையில்லாத் திண்டாட்டமும் தாட்சர் ஆட்சியும் அந்தப் பருவுக்குப் பின்னாலிருந்து நமக்குத் தெரிகின்றன. விளக்கிச் சொல்ல ஒரு பெரியவரும் அதில் இல்லை.

தமிழில் அந்த வேலையைச் சினிமாதான் செய்தது. பாண்டிராஜின் ‘பசங்க’ 2009இல் வந்தது. மணிகண்டனின் ‘காக்கா முட்டை’யில் சென்னைக் குப்பத்துச் சிறுவர்கள் இருவர் ஒரு பீட்சாவுக்காகப் படும் பாட்டில், நகரமே அம்பலமாகிறது. இப்போது பொம்மையார்பாளையத்துப் பையனின் கைபேசியில் யூடியூப் நகைச்சுவைச் சேனல்களான நக்கலைட்ஸ் ஓடுகிறது, பரிதாபங்கள் ஓடுகிறது. இரண்டும் நன்றாகவே சிரிக்க வைக்கின்றன. காணொளியில் இன்னொருவர் முகத்தைப் பார்த்துச் சிரிக்கலாம். நாவலில்தான், ஒருத்தி மனசுக்குள் தன்னிடமே சொல்லிக்கொள்ளும் பொய்யைப் பிடித்துச் சிரிக்க முடியும்.

எழுத விஷயம் கொட்டிக் கிடக்கிறது. மஞ்சள் நீராட்டு விழாவுக்கு மாமன்மார் சாலையோரம் வைத்த டிஜிட்டல் பேனரில் தன் முகம் பெரிதாக நிற்க, அதன் கீழேயே பள்ளிப் பேருந்துக்குக் காத்திருக்க வேண்டிய பெண்ணின் அவஸ்தையை எடுத்துக்கொள்ளுங்கள். அரசு கொடுத்த சைக்கிளில் இரண்டு பேரை ஏற்றிக்கொண்டு, பக்கத்து ஆரோவில் நகரத்து வெள்ளைக்காரரிடம் ஆங்கிலம் பேசிக்காட்டுவதாகப் பந்தயம் கட்டியவன் இருக்கிறான். துயரமும் அதற்குள் தானாக வரும். புதுச்சேரி துறைமுகத்துக்கு 1980களின் இறுதியில் கட்டிய அலைதடுப்புகள் தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணலை மறித்தன. அதன்பின் வடக்கிலிருந்த கரைகளைக் கடல் அரித்தது, பொம்மையார்பாளையத்தில் வீடுகளும் போயின. பந்து விளையாட மணல் இல்லாத கடற்கரைப் பிள்ளைகள் யார் வாசலில் ஸ்டம்ப் நடுவார்கள், எந்த ஆயா துரத்துவார் என்பது முதலில் வேடிக்கை. பந்து எங்கே போனது என்று தேடிப்போனால்தான் அது வேறு கதையாகும்.

பாமா ‘கிசும்புக்காரன்’ சிறுகதைகளை எழுதி, ஒடுக்கப்பட்ட தெருவின் கிண்டல் எத்தனை கூர்மையானது என்று 1996லேயே காட்டிவிட்டார். கடலோரத்துக்கு அப்படி ஒருவர் வர வேண்டும். தேன்சிட்டில் பெயர் அச்சாகி வகுப்பெல்லாம் காட்டித் திரியும் ஒரு பிள்ளை, ‘இன்னாடா’ என்று தொடங்கும் தன் வீட்டுப் பேச்சை அப்படியே நோட்டில் எழுதும்போது, அதைச் சிவப்பு மையால் திருத்தாத ஓர் ஆசிரியர் கிடைத்தால் போதும். இருநூறு பக்கம் எழுத அவளுக்குக் கதை இருக்கிறது.