போர்க்களப் படம்: ஜேபெக்கா, டிஃப்பா?

அமெரிக்க உள்நாட்டுப் போரின் (1861-65) சிப்பாய்களைக் கண்ணாடித் தகடுகளில் படம் பிடித்தார்கள். அவற்றை ஸ்கேன் செய்து, அமெரிக்காவின் காங்கிரஸ் நூலகம் தன் இணையதளத்தில் இலவசமாகத் தருகிறது. ஒரே படம் ஜேபெக், டிஃப் என இரு வகை பைல்களாகக் கிடைக்கும். ஜேபெக் சிறியது, அளவைக் குறைக்க நுண்ணிய விவரங்களை விட்டுவிடும். பெரிதாக்கினால் முகம் கட்டம் கட்டமாகத் தெரியும். டிஃப் டவுன்லோட் ஆக நேரமாகும். ஆனாலும் அதையே எடுங்கள் என்பேன்.

ஏன்? 1863-ல் கெட்டிஸ்பர்க் போர்க்களத்தில் அலெக்சாண்டர் கார்ட்னர் குழுவினர் எடுத்த படம் ஒன்றில், பாறைகளுக்கு இடையே ஒரு சிப்பாய் இறந்து கிடக்கிறான். வேறோர் இடத்தில் எடுத்த படத்திலும் அதே சிப்பாய்! படத்துக்காக உடலைத் தூக்கி வந்து கிடத்தியிருக்கிறார்கள். 1961-ல் ஒருவர் இரண்டையும் ஒப்பிட்டபோதுதான் சந்தேகமே வந்தது. இரண்டு டிஃப்களையும் அருகருகே திறந்து, முகத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். விண்டோஸில் இதற்குத் தனி மென்பொருள் தேவையில்லை.